ஒன்று குறைய அறுபத்து நான்கு

"புது டிஸ்க் போட்ட பிறகும் இழுக்குது மிஸ்"
என்று முபாறக் பெட்டியை மேசையில் வைத்தபோது
மத்திய வீதியில் பாதிக் கடைகள் பூட்டியாயிற்று.
ஐஸ் கொம்பனியின் கொம்பியூட்டர்.
விசிறி முழுக்க உப்பும் உமியும்.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்தே கொண்டுவந்தாராம்.

பழையதை அப்படியே குளோன் பண்ணியிருந்தார்,
தானே, யாரையும் கேளாமல்.
அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.
வேறு வழியுமில்லை:
தராசோடு பேசும் புரோகிராமை எழுதிய பொடியன்
ஸ்காபரோவில். போன் எடுப்பதில்லை.
எக்ஸ்பியில் மட்டும்தான் அது எழும்பும்.

பார்த்தேன்.
தொடக்கம்: செக்டர் 63.

அந்தக் காலத்து ஹாட் டிஸ்க்குக்கு அது சரியான வாசல்.
சுற்றுக்கு அறுபத்து மூன்று துண்டு;
முதற் சுற்றைக் காலியாக விட்டு
அடுத்ததில் குடியேறுவார்கள்.
சுற்றவே சுற்றாத இந்தச் சில்லுக்குள்ளும்
அந்த முற்றத்தை அளவு பிசகாமல்
தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

எப்படிச் சொல்ல?
உங்கட ஐஸ் தட்டு இருக்கே முபாறக்,
தட்டுக்கு எட்டுக் கட்டி என்று வையுங்கோ.
எட்டெட்டாய் எண்ணினால்
அறுபத்து நாலில் புதுத் தட்டு.
இது அறுபத்து மூன்றில் தொடங்கிவிட்டது.
இனி எந்த எட்டை எடுத்தாலும்
ஒன்று இந்தத் தட்டில், ஏழு அடுத்ததில்.
எட்டே எட்டை மாற்ற
இரண்டு தட்டையும் உருக்கி
இரண்டையும் திரும்ப உறைய வைக்கவேணும்.

யோசித்தார்.
"ஒரு கட்டிக்காகவா?"

ஒரு கட்டிக்காக.

2048க்குத் தள்ளலாம் என்றேன்.
எவ்வளவு தூரம் என்று கேட்டார்.
கழித்தேன். 1985.
ஒரு எம்.பி.கூட இல்லை,
ஆனால் அந்த எண்ணை இந்த ஊரில்
கணக்காக மட்டும் சொல்லிவிட முடியாது.
அவர் திரையைப் பார்த்தார்.
நான் கீபோட்டைப் பார்த்தேன்.
பிறகு அழுத்தினேன்.

வலப்பக்கம் நகர்வதென்றால்
கடைசியிலிருந்து தொடங்கவேண்டும்.
நிறைந்த மூதூர் பஸ்ஸில்
எல்லோரும் ஓர் இருக்கை பின்னுக்குப் போவதுபோல:
பின்வரிசை முதலில் எழும்பவேணும்.
முன்வரிசை அவசரப்பட்டால்
ஒருவர் மடியில் ஒருவர்,
கீழே இருந்தவர் அழிந்துபோவார்.

நூற்றிருபது ஜீபி, ஓரடி நகர
இரண்டே கால் மணித்தியாலம்.
கரண்ட் போனால்
யூ.பி.எஸ். பதினொரு நிமிஷம் தாங்கும்,
அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால்.
பழைய டிஸ்க் லாச்சிக்குள் பத்திரமாய் இருக்கிறது.
இருந்தும் ஒவ்வொரு முறை ட்யூப் லைட் துடிக்கும்போதும்
இருவரும் மூச்சை நிறுத்தினோம்.

பிளேன்டீ இரண்டு தரம்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
கடைப்படியில் நின்று
எதையோ மென்றுகொண்டிருந்தது.

நூறு வீதம். மறுபடி போட்டேன்.

கறுப்பு.
மூலையில் ஒரு சின்னக் கோடு
வந்து வந்து போனது.

பயப்படாதேங்கோ, என்றேன், பயந்துகொண்டே.
பிறகுதான் உறைத்தது:
முதற் செக்டருக்குள்
தன் விலாசத்தைத் தானே எழுதி வைத்திருக்கும்.
திறந்தேன். 3F.
பழைய அறுபத்து மூன்று.
குடிபெயர்த்தாயிற்று, சாமான் சட்டி எல்லாம் பத்திரம்,
ஆனாலும் அது முந்தின வாசலில்தான்
போய்த் தட்டிக்கொண்டு நிற்கிறது.

3F ஐ அழித்து 00.
பக்கத்தில் 08.
இரண்டு பைட். கையாலே.

எழும்பியது.
முபாறக் மணிக்கூட்டைப் பார்த்திருந்தார்:
பத்தொன்பது செக்கன்.
"முந்தி நான் போய்த் தொழுதிட்டு வருவன்."

மூடும்போது கேட்டார்,
"முன்னுக்குக் காலியா விட்டீங்களே,
அதுக்குள்ள என்ன இருக்கு?"
ஒண்டுமில்லை.
"ஒண்டுமே?"
வெறும் இடம். இருக்கட்டும்,
ஒருத்தரும் எழுதமாட்டினம்.

தலையாட்டினார், ஒத்துக்கொள்ளாத மாதிரி.
வயர்களைச் சுற்றினார். பிறகு தேடத் தொடங்கினார்.
டிஸ்க் வந்த அட்டைப்பெட்டி மிஸ்,
மூன்று வருஷ உத்தரவாதம் அதிலதான் அடிச்சிருந்தது...

படியில் ஈரமாய்
ஒரு மூலை மட்டும் கிடந்தது.